விசில்காரர் வீட்டு மேல்மாடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் உள்ளங்கால் இரண்டையும் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே நானும் உங்கப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்த துணி போட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பித்தானே ஆகவேண்டும், இங்கிருந்து எட்டியா பார்க்க முடியும். போனில் சொல்லாமல் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாய், நடுநடுவே ம் ம் என்பாய், எனக்குச் சூடு பிடிக்கிற நேரத்தில் அப்புறம் கூப்பிடறேம்மா என்று வைத்துவிடுவாய். காகிதத்தின் வாயை அப்படி அடைக்க முடியாது. உன் ஆள் லீவு முடிந்து அடுத்த வாரம் அங்கே திரும்புகிறானே, அவன் கையிலேயே கொடுத்தனுப்பலாம், தபால் எதற்கு என்றார் உங்கப்பா. ஒருத்தனைப் பற்றி எழுதுகிற கடிதத்தை அவனிடமே கொடுத்தனுப்பச் சொல்கிற புத்திசாலியோடுதான் நான் இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

கடையில் ஆஸ்பத்திரி ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, கட்டிலைச் சுற்றித் தொங்கவிடுகிற பச்சைத் திரை, திரும்பின பக்கமெல்லாம் பச்சை, கண்ணை மூடினாலும் பச்சை. கூடத் தைக்கிறவள் பிரசவத்துக்குப் போய்விட்டதால் எல்லாம் என் தலையில். பெரிய மெஷினில் ஊசி உடைந்துகொண்டே இருந்தது, ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் ரிப்பேர் பார்த்த கைக்கு இது எம்மாத்திரம் என்று உங்கப்பா பிரித்துப் போட்டார், திரும்பச் சேர்த்தபோது இரண்டு திருகாணி மிச்சம் வந்தது. மெஷின் என்னவோ ஓடுகிறது. அந்த இரண்டும் கம்பெனிக்காரன் தேவையில்லாமல் போட்டது என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ என்ன கேட்டாய், அவன் அப்பா அம்மாவைப் போய்ப் பாரும்மா, கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் இங்க வேலையை விட்டுட்டு வந்து அவங்க வீட்டு மேல்மாடியிலயே இருக்கணும்னு அவங்க ஆசைப்படறாங்க, எனக்கு மனசு ரெண்டுங்கெட்டானா இருக்கு, நீ பார்த்துச் சரின்னா நான் எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன் என்றாய். கப்பல் கட்டுகிற கம்பெனியில் நாற்காலி கிடைக்க நீ எத்தனை பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலியை நான் சொல்கிற ஒரு வார்த்தையில் விடப்போகிறாய் என்றால் நான் கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டல்லவா பார்க்கவேண்டும். பார்த்தேன். இனி பொறுமையாகப் படி.

சம்பந்தம் பேச வருகிறவர்களை மனிதர்கள் என்ன செய்வார்கள், வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு வாய் காபி கொடுப்பார்கள். இவர்கள் மலைக்குக் கூப்பிட்டார்கள். ஒருத்தரைப் புரிஞ்சுக்கணும்னா கூட நடக்கணும் என்று அவன் அப்பா போனில் தத்துவம் வேறு சொன்னார். உங்கப்பாவுக்குக் கேட்கவேண்டுமா, அன்றைக்கே போய் மடக்குகிற ஊன்றுகோல் ஒரு ஜோடியும், கழுத்துக்கு நாடா வைத்த தொப்பி ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணாடி முன்னால் அந்தத் தொப்பியோடு நின்றபோது மழைக்குக் குடை பிடித்த பூசணிக்காய் மாதிரி இருந்தார், வாய்விட்டே சொன்னேன், கோபித்துக்கொண்டார். முழங்காலுக்குத் தைலம் தேய்க்காமல் மாடிப்படி ஏற முடியாத ஆளுக்கு மலை கேட்கிறது.

காலையில் முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் போனோம், அங்கிருந்து வேனில் மலைக்கு. உன் மேல்மாடியைப் பார்த்தேன். குறை சொல்லக் கூடாது, காற்று வருகிறது, புதுசாகச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடித்து வைத்திருக்கிறார்கள். உனக்கென்று ஒரு மேஜை, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது, வேடிக்கை பார்த்தா வேலை ஓடாது பாருங்க என்றார் அவன் அப்பா. சமையலறை எங்கே என்றேன். சமையல் எல்லாம் கீழேதான், மேலே எதுக்கு என்றார். சொல்லிவிட்டுச் சுவரில் ஒரு மணியைக் காட்டினார், கீழே அவர் நாற்காலி பக்கத்தில் பட்டன், மேலே மணி, ஒரு தடவை அடித்தால் சாப்பாடு, இரண்டு தடவை அடித்தால் யாரோ வந்திருக்கிறார்கள், உடனே இறங்கி வரவேண்டும். தானே கம்பி இழுத்து மாட்டியதாம், நல்லா இருக்கு இல்ல சம்பந்தியம்மா என்று ஒரு தடவை அடித்தும் காட்டினார். இன்னும் ஒன்றுமே ஆகவில்லை, அதற்குள் சம்பந்தியம்மா. உங்கப்பா அந்த மணியின் கம்பி இணைப்பைத் தொட்டுத் தடவி, சுத்தமான வேலை என்று பாராட்டினார். ஜால்ரா போடுவதற்கு ஒரு பரிசு உண்டு என்றால் அது நம் வீட்டு அலமாரியில்தான் இருக்கும்.

அவன் அப்பா நிலம் அளக்கிற சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்று நீ சொன்னாய், விசில் வைத்திருப்பவர் என்று சொல்லவில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது, பந்து விளையாட்டில் நடுவர் ஊதுவாரே அதே மாதிரி. வேனை விட்டு இறங்கினதும் எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சட்டம் படித்தார், ஒரு விசில் ஊதினால் நிற்கவேண்டும், இரண்டு ஊதினால் நடக்கவேண்டும், நடக்கும்போது பேசக்கூடாது, மூச்சு வீணாகும். ஆனால் இந்தச் சட்டம் அவர் வாய்க்குக் கிடையாது. அவர் மூச்சு வீணாகாத மூச்சு போலிருக்கிறது. உன் ஆள் கடைசியில் நின்றான், பின்னால் வர்றவங்களைப் பார்த்துக்கிற பொறுப்பு ஆன்ட்டி என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். முப்பது வயசு ஆண்பிள்ளைக்கு அப்பா கொடுத்த உத்தியோகம். அப்போது அவனைப் பற்றி நான் நினைத்ததை இங்கே எழுதமாட்டேன், தலையாட்டி பொம்மை என்பது அதிலே நல்ல வார்த்தை.

மலையைச் சொல்லவேண்டும், மலை பாவம், அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெளுத்த சாம்பல் நிறம், மழை காலங்காலமாகக் கரைத்துக் கரைத்துக் கல்லெல்லாம் ஓட்டையும் கூர்மையுமாக, கத்தியை நட்டு வைத்த மாதிரி நிற்கிறது. அந்தக் கல்லுக்குள்ளே வேரை விட்டு மரங்கள் அடர்ந்து கிடக்கின்றன, வெயில் தரையில் விழுவதே இல்லை. அங்கங்கே ஒரு சின்னக் கோயில், பாறைக்கு அடியில் ஒன்று, மர வேருக்கு நடுவில் ஒன்று, உச்சிக்குப் போகிற வழியில் குகைக்குள்ளே பெரியது ஒன்று. எனக்கு நின்று பார்க்க ஆசையாக இருந்தது. விசில்காரருக்குக் கோயிலைக் கண்டால் ஆகவில்லை. வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறாங்க பாருங்க, மலை ஏற வந்தவனுக்கு இவங்களால தொந்தரவு என்று கும்பிட வந்தவர்களைப் பார்த்து ஊதினார். அந்தக் கல் எந்த வயசு, அந்த மேடு எத்தனை உயரம், எந்த மூலையில் அவர் எந்த வருஷம் கருவியை வைத்து அளந்தார், எல்லாம் சொன்னார். வாராவாரம் வருகிறாராம், இந்த மலையில் தனக்குத் தெரியாத பொந்து கிடையாது என்றார். உங்கப்பா பின்னாலேயே ஆகா ஆகா என்று ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போனார். மகள் கப்பலில் என்ன பண்றாங்க என்று நடுவில் விசில்காரர் என்னைக் கேட்டார், கப்பலின் உள்ளமைப்பு வரைகிறாள் என்றேன். தண்ணியில மிதக்கிறதுல அளக்க என்ன இருக்கு, இங்க வந்தா நம்ம வீட்டம்மா சொல்லி ஏதாவது பள்ளிக்கூடத்துல சேர்த்துவிட்டுடலாம் என்றார். நான் பதில் சொல்லவில்லை, நடக்கும்போது பேசக்கூடாதே.

நம்ம வீட்டம்மா என்று அவர் சொன்னது அவன் அம்மாவை. அந்த அம்மாள் பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவள் என்று உனக்கே தெரியும், டீச்சரம்மா என்றுதான் நான் கூப்பிட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தையே மணியடித்து எழுப்பி உட்கார வைத்த பெண்பிள்ளை. நாங்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம், அந்த அம்மாள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அப்போதுதான் தன் ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தாள், அதற்குள் இரண்டு விசில். வாயில் இருந்ததை விழுங்காமல், கையில் இருந்ததைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். மகனும் எழுந்தான். நான் எழவில்லை. என் ரொட்டியை முழுசாகத் தின்று, தண்ணீர் குடித்து, கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் எழுந்தேன். விசில்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், வானம் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கேள், இதுதான் விஷயம். குகைக்கோயில் வந்ததும் டீச்சரம்மா மெல்ல, வந்தவங்களுக்காக உள்ள போய்ட்டு வரலாமே என்றாள். சரி சரி என்று அவர் ஏதோ வரம் கொடுப்பது போல ஒப்புக்கொண்டார். வாசலில் ஒரு அம்மாள் துணிப்பை கொடுத்துக்கொண்டிருந்தாள், செருப்பைக் கழட்டிப் பையில போட்டுக் கையோட எடுத்துட்டுப் போங்க, உள்ள போனா அந்தப் பக்கமாத்தான் வெளிய வரணும், திரும்ப இந்த வழி கிடையாது என்றாள். போகிறவர்கள் எல்லோரும் கையில் பையோடுதான் போகிறார்கள். எதிரே பெரிய எழுத்தில் பலகையும் இருக்கிறது. விசில்காரர் சிரித்தார், அதெல்லாம் புதுசா வர்றவங்களுக்கும்மா, நாங்க வாராவாரம் வர்றவங்க என்றார். தன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். எல்லோரும் வைத்தோம். நான் பைக்குக் கையை நீட்டினேன், அப்போது பார்த்து அவர் இரண்டு விசில் ஊதினார், வாசலில் நின்று வம்பு எதற்கு என்று கையை இழுத்துக்கொண்டேன். அந்த ஒரு தடவை விசிலுக்குக் கீழ்ப்படிந்ததற்கே கால் இரண்டும் கந்தல். உள்ளே குளிர்ச்சி, கூரையிலிருந்து கல் விழுது விழுதாகத் தொங்குகிறது, நுனியில் தண்ணீர் சொட்டுகிறது, விளக்கு வெளிச்சத்தில் அது மினுக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது, உன்னை நினைத்துக் கும்பிட்டேன். அப்புறம் குனிந்து, ஒரு இடத்தில் தவழ்ந்து, ஒரு இரும்புச் சுழல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் மலையின் மறுபக்கம். கதவு இந்தப் பக்கமிருந்து திரும்பாது. எல்லோரும் பையைத் திறந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிப் போகிறார்கள். நாங்கள் மட்டும் வெறுங்காலும் காலுறையுமாக நிற்கிறோம். வாராவாரம் வருகிறவர் ஒரு வாரம்கூட அந்தக் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கும்பிடுகிற கூட்டத்தோடு சேர்ந்தால் கௌரவம் போய்விடும் என்று வெளியே சுற்றிக்கொண்டே போயிருக்கிறார்.

சரி, மனிதன் தவறுவான், யானைக்கும் அடி சறுக்கும் என்று உங்கப்பா இன்றைக்கும் அவருக்காக வாதாடுகிறார். யானை சறுக்கினால் சறுக்கினேன் என்று உட்காரும். இவர் குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி. கதவுப் பக்கத்தில் ஒரு காவல்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றேன். கேக்கறதுக்கு என்ன இருக்கு, இந்த முகட்டை நானே அளந்திருக்கேன், இப்படியே சுத்தி வந்தா முன்வாசல் என்று மரத்துக்கு நடுவே ஒரு பாறை வழியைக் காட்டி இரண்டு விசில் ஊதினார். நான் சொன்னேனே, கத்தி நட்ட மாதிரிக் கல். அதன் மேல் அவர் தடித்த காலுறையோடு முன்னால் போகிறார், பின்னால் நாங்கள். உங்கப்பாவின் ஊன்றுகோல் ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டு அவரையே சுற்றியது. வெறுங்காலோடே கடையில் வளைய வந்த எனக்கே உயிர் போய் உயிர் வந்தது. எனக்கு முன்னால் டீச்சரம்மா நடந்தாள், அவள் காலுறை வெள்ளை, அதில் குதிகால் பக்கம் சிவப்பு ஊறுகிறது, மிதிக்கிற கல்லிலெல்லாம் அச்சு விழுகிறது. அம்மா உங்க கால் என்றேன். திரும்பி, உதட்டில் விரலை வைத்து, அவர்கிட்ட சொல்லாதீங்க, நின்னா கோபப்படுவார் என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, அவர் கருவியைக் கொண்டுவந்து வைத்தாலும் அளக்க முடியாது. அங்கேயே ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். டீச்சரம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். முன்னால் இரண்டு விசில். நாங்கள் அசையவில்லை. மறுபடி இரண்டு விசில். டீச்சரம்மாவின் முழங்கால் தானாக எழப் பார்த்தது, நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உங்க பொண்ணு வந்துட்டா எனக்குப் பேச்சுத்துணை ஆச்சு, நாள் முழுக்க வீட்டுல ஒரு குரல்தான் கேக்குது என்று என் காதோடு சொன்னாள். அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது எரிச்சலாகவும் இருந்தது. துணை வேண்டுமென்று என் பெண்ணையா உள்ளே இழுப்பது என்று நினைத்தேன்.

உன் ஆள் எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அப்பாவைப் பார்க்கிறான், அம்மாவின் காலைப் பார்க்கிறான், மறுபடி அப்பாவைப் பார்க்கிறான். டேய் என்ன வேடிக்கை, கூட்டிக்கிட்டு வா என்று முன்னாலிருந்து சத்தம். அப்போது அவன் ஒன்று செய்தான். வந்த வழியே திரும்பிக் குகைக் கதவுக்கு நடந்தான். காவல்காரரிடம் கையைக் கட்டிக்கொண்டு ஏதோ கேட்டான், அவர் முடியாது என்று தலையாட்டினார், இவன் போகாமல் நின்றான், எங்கள் பக்கம் கையைக் காட்டினான், கடைசியில் அவர் பக்கத்துக் கம்பிக்கதவைத் திறந்துவிட்டார். எதிரே வருகிற கூட்டத்துக்குள் குனிந்து தவழ்ந்து போனான். அவன் அப்பா இங்கே நின்று, நான் சொல்லாம எவன் போகச் சொன்னது என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து வந்தான். பூட்ஸெல்லாம் கயிற்றைச் சேர்த்து முடிந்து கழுத்தில் மாலை மாதிரி, டீச்சரம்மாவின் ஷூ ஒரு கையில், என் பழைய ரப்பர் செருப்பு இடுப்பில் சொருகி. தலையெல்லாம் குகைச்சேறு. அடுத்தவர் செருப்பைச் சுமந்து வருகிறோமே என்ற கூச்சம் அந்த முகத்தில் துளி இல்லை. கொஞ்சம் தாமதமாயிடுச்சு ஆன்ட்டி என்றான். நான் காலையிலிருந்து அவனைப் பற்றி நினைத்ததையெல்லாம் அப்போது கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளினேன்.

விசில்காரர் என்ன செய்தார் தெரியுமா. மகன் கழுத்திலிருந்து தன் பூட்ஸை உருவி முதலில் தான் மாட்டிக்கொண்டார், கயிற்றை நிதானமாகக் கட்டினார், நான் சொன்னபடி வந்திருந்தா இதுக்குள்ள கீழயே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்றார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை, பெண்டாட்டியின் கால் பக்கம் கண் போகவே இல்லை. மகன் அம்மாவுக்கு முன்னால் மண்டியிட்டு, காலுறையை மெல்ல உரித்து, குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவி, தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினான். அவ்வளவு பக்குவம், அவ்வளவு மென்மை, அந்தப் பாதத்தை அவன் பிடித்திருந்ததைப் பார்த்து என் பெண்ணுக்குக் கண் இருக்கிறது என்று மனசுக்குள் உன்னை மெச்சினேன். மெச்சி முடிக்கவில்லை, இரண்டு விசில். அவன் எழுந்து நின்றுவிட்டான். கட்டின முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிட்டான். தான் எழுந்தது அவனுக்கே தெரியவில்லை. துணி அவிழ்ந்து தொங்குகிறது, அம்மாவும் அதோடேயே எழப் பார்க்கிறாள். நான்தான் குனிந்து மீதி முடிச்சைப் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தேன், அவனும் என்னைப் பார்த்தான், அந்த முகம் வெளுத்துப்போனது. திரும்பி வருகிற வழி முழுக்க அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

கேட்டுக்கொள். பையன் தங்கம். விசில் காதில் விழாத தூரத்தில் தங்கம். அங்கே உன்னோடு இருக்கும்போது அவன் எப்படி இருக்கிறான் என்று நீ சொன்னதெல்லாம் பொய் இல்லை, நானே என் கண்ணால் பார்த்தேன், குகைக்குள் அவன் தனியாகப் போய்வந்த அந்த நேரம் முழுக்க அவன் அவனாக இருந்தான். ஆனால் அந்த வீட்டுக்குள் போனால் அவன் உன் காலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நிற்பான் கண்ணு. கெட்ட எண்ணத்தில் இல்லை, பழக்கத்தில். கொஞ்ச வருஷத்தில் மணி ஒரு தடவை அடித்தால் நீயும் வாயில் இருப்பதை விழுங்காமல் மாடிப்படி இறங்குவாய், டீச்சரம்மா மாதிரி. அவளும் ஒரு காலத்தில் உன்னைப் போல வாய் உள்ள பெண்ணாகத்தான் இருந்திருப்பாள். அதனால் நான் சொல்வது இதுதான், அவனைக் கட்டிக்கொள், சந்தோஷமாகக் கட்டிக்கொள், என் ஆசீர்வாதம் முழுசாக உண்டு. மேல்மாடிக்கு வராதே. வேலையை எழுதிக் கொடுக்காதே. கல்யாணத்துக்கு வந்து போ, லீவுக்கு வந்து நம் வீட்டில் இரு, டீச்சரம்மாவை அங்கே கூப்பிட்டு மாதக்கணக்கில் வைத்துக்கொள், வயிறார உட்கார்ந்து சாப்பிடட்டும். பெரியவர் மனசு புண்படும் என்று உங்கப்பா சொல்கிறார். அந்த மனசு புண்படுகிற மனசு இல்லை, அவருக்கு இன்னொருத்தர் கிடைப்பார் ஊதுவதற்கு. அனேகமாக அது உங்கப்பாவாகத்தான் இருக்கும், அடுத்த வாரமும் மலைக்குக் கூப்பிட்டிருக்கிறாராம், இவர் தொப்பியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.

இதை எழுத எனக்கு லேசாக இருந்தது என்று நினைக்காதே. நீ இல்லாத இந்த வீட்டில் நான் எப்படி இருக்கிறேன் என்று உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. நம் கடை வாசலில் ஏறினால் ஒரே பஸ், அவர்கள் தெருமுனையில் இறக்கிவிடும். அதைத் தெரிந்துகொண்டுதான் நான் மலை ஏறினேன். போன மாதமே டீச்சரம்மாவிடம் போனில் மேல்மாடி ஜன்னலின் நீளம் அகலம் கேட்டு, உனக்குப் பிடித்த நீலத்தில் துணி வாங்கி, ஆஸ்பத்திரிப் பச்சைக்கு நடுவே உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாமல் திரைச்சீலை தைத்து மடித்து வைத்துவிட்டேன். நல்ல துணி, நல்ல தையல், வீணாக்க மனசு வரவில்லை.

இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, யாருக்கும் பயப்படாமல், நூறு வயசு நிறைவாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொள். இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டு, மறைக்காதே, முடிச்சு விஷயத்தையும் படிக்கட்டும், அவனுக்கு அது தெரியும். மறக்காமல் ஒன்று, நீ இப்போது இருக்கிற வீட்டு ஜன்னலின் அளவை எழுதி அனுப்பு, தையலைப் பிரித்து வெட்டி, அதற்குத் தகுந்தபடி தைத்து அனுப்புகிறேன்.

எப்போதும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா